லண்டன் போலீஸ் யாரிடம் சம்மதம் கேட்டது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி மாணவர்களுக்காக நாங்கள் நடத்தும் சட்ட வகுப்பில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். புகாரை வாங்க மறுத்தால் என்ன செய்வது, சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குவது எப்படி, எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவது எப்படி என்று வழக்கமான பாடம்தான். நடுவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை எழுந்து கேட்டார்: "லண்டன்ல போலீஸ் துப்பாக்கிகூட வச்சிக்கிறதில்லையாம். மக்கள் சம்மதத்தோடதான் வேலை செய்யறாங்கன்னு யூ.பி.எஸ்.சி. கைடுல போட்டிருக்கு. அவங்கதானே நமக்கும் போலீஸ் கொண்டாந்தாங்க? இங்க வந்ததும் ஏன் இப்படி ஆச்சு?"

"நம்ம ஆளுங்க கைக்கு வந்ததும் கெட்டுப்போச்சு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று தொடங்கி, சொல்லி முடிக்க முடியாமல் அன்றைய பாடத்துக்குத் திரும்பிவிட்டோம். அந்தப் பதிலின் மீதிதான் இது.

கைடில் உள்ள கதை சுருக்கமானது. 1829இல் பிரிட்டனின் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டன் மாநகரப் போலீஸ் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதுவே உலகின் முதல் நவீனப் போலீஸ். பீல் வகுத்த ஒன்பது கோட்பாடுகளின்படி, மக்களின் சம்மதத்தோடு அது இயங்கியது. இதில் ஆண்டு சரி, பெயர் சரி. 'உலகின் முதல்' என்பது சரியில்லை. பாரிசில் 1667இலேயே போலீஸ் தலைமை அதிகாரி இருந்தார், டப்ளினுக்கு 1786இல் சட்டம் வந்தது, கிளாஸ்கோவுக்கு 1800இல் வந்தது. ஒன்பது கோட்பாடுகளை பீல் எழுதியதற்கும் சான்று கிடையாது. இன்று நாம் மனப்பாடம் செய்யும் பட்டியல் 20ஆம் நூற்றாண்டில் சார்லஸ் ரீத் என்பவரின் போலீஸ் வரலாற்று நூல்கள் வழியாகப் பரவியது. அதாவது 'சம்மதத்தின் போலீஸ்' என்பது பின்னால் எழுதிச் சேர்த்த முன்னுரை. முதல் அத்தியாயங்களில் இருப்பது வேறு கதை.

அந்தக் கதை தேம்ஸ் ஆற்றங்கரையில் தொடங்குகிறது. ஆனால் அதற்கும் முன் என்ன இருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் ஒவ்வொரு தேவாலய வட்டாரத்துக்கும் ஒரு கான்ஸ்டபிள் இருந்தார். சம்பளம் இல்லாத, ஊராரில் ஒருவர் முறைவைத்து ஓர் ஆண்டு செய்யவேண்டிய கடமை அது. காசிருப்பவர்கள் தங்களுக்குப் பதிலாக வேறொரு ஏழையைக் கூலிக்கு அனுப்பிவிடுவார்கள். இரவில் விளக்கும் தடியுமாகச் சுற்றும் இராக்காவலர்கள் உண்டு. திருடனைப் பிடித்துக் கொடுத்தால் பரிசுப் பணம் உண்டு. அந்தப் பரிசுப் பணத்தையே தொழிலாக்கிக்கொண்ட ஜோனதன் வைல்டு என்பவர், தானே திருடர் கூட்டத்தை நடத்தி, திருட்டுப் பொருளை உரியவருக்கு விலைக்குத் திருப்பிக் கொடுத்து, ஒத்துவராத திருடனைக் காட்டியும் கொடுத்து வாழ்ந்தார். 1725இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1749 வாக்கில் போ தெரு மாஜிஸ்திரேட்டாக இருந்த நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் சில ஆட்களைச் சேர்த்துத் துப்புத் துலக்க வைத்தார். நம் கதைக்கு இவ்வளவு போதும்.

1798 ஜூலையில் லண்டனின் வாப்பிங் பகுதியில், தேம்ஸ் கரையில், 'மரைன் போலீஸ்' என்ற அலுவலகம் திறக்கப்பட்டது. சம்பளம் வாங்கி, சீராக ரோந்து சுற்றி, குற்றம் நடக்கும் முன்பே தடுப்பது என்ற நவீனப் போலீசின் முழு இலட்சணமும் அங்கேதான் முதலில் ஒன்றுசேர்ந்தது. பாட்ரிக் கொஹூன் என்ற கிளாஸ்கோ வணிகரும் ஜான் ஹாரியட் என்ற மாஜிஸ்திரேட்டும் அதைத் தொடங்கினார்கள். தொடக்கச் செலவுக்குப் பெரும்பகுதிப் பணம் கொடுத்தவர்கள் மேற்கிந்தியத் தீவு வணிகர்களும் தோட்ட முதலாளிகளும். அதாவது, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த மனிதர்களை அடிமைகளாக வைத்துக் கரும்பு விளைவித்தவர்கள். முதலில் காவல் போடப்பட்ட பொருள், அடிமை உழைப்பில் வந்த சர்க்கரை, ரம், காப்பி.

யாரிடமிருந்து காவல்? கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் கூலித் தொழிலாளர்களிடமிருந்து. அவர்களுக்குக் கூலி குறைவு, சில நேரம் கூலியே கிடையாது. அதற்கு ஈடாக, மூட்டையிலிருந்து சிந்திய சர்க்கரையைக் கூட்டி எடுத்துப் போவதும், நிலக்கரி இறக்குவோர் கொஞ்சம் கரி எடுத்துப் போவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கம். அதை அவர்கள் கூலியின் பகுதியாகவே எண்ணினார்கள். அறுப்பு முடிந்த களத்தைக் கூட்டி நெல் எடுத்த பாட்டிமார்கள் நம் வீடுகளில் உண்டு, நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொஹூன் அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தார். ஆற்றில் வேலை செய்யும் 33,000 பேரில் 11,000 பேர் குற்றவாளிகள் என்று கணக்கும் எழுதினார். மூன்றில் ஒருவர்! சமூகவியல் படித்தபோது எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விஷயம், குற்றப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் எண்ணியவர் யார் என்று முதலில் கேள் என்பது. இங்கே எண்ணியவர், சரக்கு முதலாளிகளின் பணத்தில் போலீஸ் நடத்தியவர்.

மரைன் போலீஸ் வெறும் ரோந்து படகு மட்டுமல்ல. சரக்கிறக்கும் தொழிலாளர்களைப் பதிவு செய்வதும், அவர்களுக்கான கூலி விகிதத்தை வைப்பதும், பொருளை ஒளித்துவைக்கத் தோதான தொளதொள உடைகளை உடுத்தக் கூடாது என்று விதிப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. கூலி கொடுப்பவரும் பிடித்துக் கொடுப்பவரும் ஒரே அலுவலகம். அதே ஆண்டு அக்டோபரில், கரி எடுத்ததற்காகத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டபோது, கூட்டம் திரண்டு வாப்பிங் அலுவலகத்தைக் கல்லால் அடித்தது. துப்பாக்கிச் சூட்டில் இரு தரப்பிலும் உயிர் போனது. 1800இல் அரசாங்கம் அந்த முதலாளிகளின் தனியார் போலீசைச் சட்டம் போட்டுத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

இந்தக் கதையில் ஒரு கணக்கு இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஒரு பிடி சர்க்கரை எடுத்தவருக்குத் திருடர் என்று பெயர். ஒரு கண்டத்தின் மனிதர்களை எடுத்தவர்களுக்கு, பிரிட்டன் 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது, 2 கோடி பவுண்டு நட்ட ஈடு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை.

இப்போது லண்டனுக்குள் வருவோம். சம்பளப் போலீஸ் வேண்டும் என்ற பேச்சு அங்கு நெடுநாளாக இருந்தது. 1780இல் கார்டன் கலவரம் என்ற மதக் கலவரத்தில் நகரம் ஒரு வாரம் எரிந்தது. ராணுவம் சுட்டதில் சுமார் 300 பேர் இறந்தார்கள். 1785இல் ஒரு போலீஸ் மசோதா வந்தது. எதிர்ப்பில் அது விழுந்தது. எதிர்த்தவர்கள் ஏழைகள் மட்டும் அல்ல, பணக்காரர்களும்தான். போலீஸ் என்ற சொல்லே அன்று ஆங்கிலேயர் காதில் பிரெஞ்சுச் சொல்லாக ஒலித்தது. போலீஸ் என்றால் மன்னரின் ஒற்றர், வீட்டுக்குள் நுழைகிறவர், கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர் என்று பொருள். 1822இல் பீல் தலைமையில் அமைந்த நாடாளுமன்றக் குழுவே, பலமான போலீசும் மக்களின் சுதந்திரமும் ஒத்துப்போவது கடினம் என்ற முடிவுக்குத்தான் வந்தது.

பிறகு ஏன் ஏழே ஆண்டில் சட்டம் நிறைவேறியது? அதற்குச் சற்று முன்பிருந்தே நடந்தவற்றைப் பாருங்கள். 1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டர், செயின்ட் பீட்டர்ஸ் திடல். வாக்குரிமை கேட்டு சுமார் 60,000 பேர் கூடினார்கள். பெரும்பாலும் நெசவாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், ஞாயிறு உடை உடுத்தி வந்த பெண்கள், குழந்தைகள். உள்ளூர் முதலாளிகளும் கடைக்காரர்களும் கொண்ட குதிரைப்படை வாளோடு கூட்டத்துக்குள் பாய்ந்தது. குறைந்தது 15 பேர் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் தாயின் கையிலிருந்து விழுந்த இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற படையின் பெயரைக் கேலி செய்து மக்கள் அதற்கு 'பீட்டர்லூ' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் ராணுவத்தின் ஒரு பிரிவே முரண்டு பிடித்தது. சிப்பாயும் ஏழை வீட்டுப் பிள்ளைதானே. வெலிங்டன் கோமகன் போலீஸ் அமைக்க வேண்டும் என்று அரசுக்குக் குறிப்பு எழுதியது அப்போதுதான். 1829இல் அவர்தான் பிரதமர்.

ஆள்பவர்களுக்கு இருந்த சிக்கல் இதுதான்: வாளால் வெட்டினால் ஊரே எதிரியாகிறது, வெட்டாவிட்டால் கூட்டம் கலையாது. நடுவில், வெட்டாமல் கலைக்க ஒரு படை வேண்டும். அதேநேரம் அது படை போலத் தெரியவும் கூடாது.

1829 செப்டம்பர் 29 அன்று மாலை லண்டன் தெருக்களில் இறங்கிய போலீசின் ஒவ்வோர் அடையாளத்தையும் இந்த அச்சத்தின் வெளிச்சத்தில் பார்த்தால்தான் புரியும். ராணுவம் சிவப்பு, ஆகவே போலீசுக்கு நீலச் சட்டை. தலையில் இரும்புத் தொப்பி இல்லை, சாதாரண மனிதர் அணியும் உயரமான தொப்பி. கையில் துப்பாக்கி இல்லை, குண்டாந்தடி மட்டும், அதையும் கோட்டுக்குள் மறைத்து வைத்திருக்க வேண்டும். ஒற்றர் என்று யாரும் சொல்லிவிடாதபடி, வேலை இல்லாத நேரத்திலும் சீருடை கழற்றக் கூடாது. கழுத்துப் பட்டையில் எழுத்தும் எண்ணும். அடித்தவர் யார் என்று தெரிந்தால்தானே புகார் கொடுக்க முடியும்? இவை எல்லாம் பீலின் நல்ல மனதிலிருந்து வந்தவை என்று கைடு சொல்லும். எங்கள் வாசிப்பு வேறு. சட்டத்தைத் தடுக்க முடியாத மக்கள், அதன் கையிலிருந்த துப்பாக்கியையாவது தடுத்தார்கள். நாற்பதாண்டுச் சந்தேகமும் எதிர்ப்பும் சேர்ந்து நெய்த சட்டை அந்த நீலச் சட்டை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டத்தில் 'சிட்டி' எனப்படும் லண்டனின் மையம், அதாவது வங்கிகளும் பெரு வணிகர்களும் இருக்கும் ஒரு சதுர மைல், விலக்கு பெற்றது. எங்கள் பகுதிக்கு உங்கள் போலீஸ் வேண்டாம் என்று சொல்லும் பலம் அவர்களுக்கு இருந்தது. 1839இல் தங்களுக்கென்று தனிப் போலீஸ் வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை அது தனிதான்.

புதிய போலீசுக்கு இரண்டு தலைவர்கள்: வாட்டர்லூவில் சண்டையிட்ட கர்னல் சார்லஸ் ரோவன், அயர்லாந்துக்காரரான வழக்குரைஞர் ரிச்சர்ட் மேன். கான்ஸ்டபிள் சம்பளம் வாரத்துக்கு 21 ஷில்லிங். மேட்டுக்குடியினரை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்பதில் பீல் தெளிவாக இருந்தார். உழைக்கும் மக்களைக் காக்கவோ அடக்கவோ உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளே போதும், மலிவும்கூட. வில்லியம் அட்கின்சன் என்ற முதல் எண் கொண்ட காவலர் குடித்திருந்ததற்காக முதல் நாளே வேலையை இழந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டார்கள், பெரும்பாலும் அதே காரணத்துக்காக. அந்தக் காவலர்களுக்கு 1887 வரை வாக்குரிமை கிடையாது. 1918இல் சங்கம் கேட்டு லண்டன் போலீஸ் வேலைநிறுத்தம் செய்தது. 1919இல் சங்கமும் வேலைநிறுத்தமும் சட்டத்தால் தடை செய்யப்பட்டன. லத்தி பிடித்த கைக்கும் அதன் மேல் ஒரு லத்தி இருந்தது.

லண்டன் மக்கள் இந்தப் புதியவர்களுக்குப் பல பெயர் வைத்தார்கள். எங்களுக்குப் பிடித்தது 'வேகாத சிங்கி இறால்'. அங்கே பிடிபடும் சிங்கி இறால் உயிரோடு இருக்கையில் நீலம், கொதிநீரில் போட்டால் சிவப்பு. நீலச் சட்டை போட்ட இவன் கொஞ்சம் சூடேறினால் சிவப்புச் சட்டை ராணுவமாகிவிடுவான் என்பது கிண்டல். போலீஸ் பற்றிய கோட்பாட்டு நூல்கள் பல படித்தோம், இந்த ஒரு வசவுக்கு ஈடான வரையறையைப் பார்க்கவில்லை.

நான்கே ஆண்டில் அது நிரூபணமானது. 1833 மே 13. உழைக்கும் வர்க்கங்களின் தேசியச் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள் லண்டன் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் பகுதியில் கூட்டம் போட்டார்கள். அரசு தடை விதித்திருந்தது. போலீஸ் சந்துகளை அடைத்து நின்று தடியடி நடத்தியது. நெரிசலில் ராபர்ட் கல்லி என்ற காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அவர் சாவை விசாரிக்க 17 பேர் கொண்ட ஜூரி, கால்தோர்ப் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடையின் அறையில் கூடியது. எல்லோரும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், சிறு தொழில் செய்பவர்கள். அரசுக்கு எதிரிகள் அல்ல, போலீசுக்கு வரி கட்டுபவர்கள். சாட்சிகளைக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்ன தீர்ப்பு: நியாயப்படுத்தத்தக்க கொலை. கலையச் சொல்லி முறையான அறிவிப்பு வாசிக்கப்படவில்லை, போலீஸ் தூண்டுதலே இல்லாமல் மிருகத்தனமாக நடந்தது என்று காரணமும் எழுதினார்கள். விசாரணை அதிகாரி தீர்ப்பை மாற்றச் சொல்லி மன்றாடிப் பார்த்தார். அவர்கள் அசையவில்லை.

ஊர் அந்த 17 பேரைக் கொண்டாடியது. பதக்கம் அடித்துக் கொடுத்தார்கள், படகில் உல்லாசப் பயணம் அழைத்துப் போனார்கள். மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆனாலும், அதே நாளில் வேறு காவலர்களைக் குத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் ஃபர்சி என்பவரை இன்னொரு ஜூரி விடுதலை செய்தது. கல்லிக்காக நாம் வருந்தத்தான் வேண்டும், அவரும் உத்தரவுக்குப் போன ஒரு கூலிக்காரர். ஆனால் சம்மதம் என்ற சொல்லைச் சொல்பவர்கள் அந்த 17 பேரைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சம்மதம் உண்டா என்று லண்டனில் முதன்முதலாக முறையாகக் கேட்கப்பட்ட இடங்களில் ஒன்று அந்த மதுக்கடை. இல்லை என்று பதில் வந்தது.

அதே ஆண்டு வில்லியம் போப்பே என்ற சார்ஜெண்ட் அம்பலமானார். ஏழை ஓவியர் என்று சொல்லிக்கொண்டு கேம்பர்வெல், வால்வொர்த் பகுதி அரசியல் சங்கத்தில் சேர்ந்து, எல்லோரையும்விடச் சூடாகப் பேசி, ஆயுதப் பயிற்சி எடுக்கலாம் என்றெல்லாம் யோசனை சொல்லி வந்தவர். ஒருநாள் சங்கத்து ஆள் ஒருவர் போலீஸ் ஸ்டேஷன் மேசையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். சங்கத்தினர் நாடாளுமன்றத்தில் மனு கொடுத்தார்கள். விசாரணைக் குழு போப்பேயைக் கண்டித்தது, வேலையும் போனது. இயக்கங்களில் வேலை செய்யும் தோழர்கள் இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். கூட்டத்தில் எல்லோரையும்விடத் தீவிரமாகப் பேசும் புதியவர் எந்த நாட்டிலும் உண்டு. பிரிட்டனில் 1968இல் லண்டன் போலீஸ் இதற்கென்றே ரகசியப் பிரிவு அமைத்து, பத்தாண்டுகள் கணக்கில் இயக்கங்களுக்குள் ஆட்களைப் புகுத்தியது. கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்சின் குடும்பத்துக்கு நீதி கேட்டு நடந்த இயக்கத்தைச் சுற்றியும் உளவு பார்த்தது பிற்பாடு வெளிவந்தது.

இனி அந்தத் தங்கையின் கேள்விக்கு. பீல் லண்டனுக்குப் போலீஸ் அமைக்கும் முன்பே வேறு ஓரிடத்தில் அமைத்துப் பழகியிருந்தார். 1812 முதல் 1818 வரை அவர் அயர்லாந்தின் தலைமைச் செயலர். 1814இல் அங்கே 'அமைதி காப்புப் படை' என்ற ஒன்றை உருவாக்கினார். 1822இல் அயர்லாந்து முழுமைக்கும் கான்ஸ்டபுலரிச் சட்டம் வந்தது, 1836இல் அது ஒரே தலைமையின் கீழ் வந்தது. இந்தப் போலீசுக்குக் கையில் துப்பாக்கி. குடியிருப்பு ஊருக்குள் அல்ல, பாரக்ஸில். சொந்த மாவட்டத்தில் வேலை கிடையாது, ஊராரோடு ஒட்டிவிடக் கூடாது அல்லவா. பதில் சொல்லவேண்டியது டப்ளின் கோட்டையில் இருக்கும் ஆங்கிலேய ஆட்சிக்கு மட்டும். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது குத்தகைதாரர்களை வீட்டைவிட்டு வெளியேற்றக் காவல் நின்றது இந்தப் படைதான்.

ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு போலீஸ். லண்டனில் எண் போட்ட கழுத்துப்பட்டை, டப்ளினில் துப்பாக்கி. வேறுபாடு பீலின் மனதில் இல்லை, எதிரில் நின்ற மக்களின் அரசியல் பலத்தில் இருந்தது. நாடாளுமன்றமும் பத்திரிகையும் ஜூரியும் யாருக்கு எட்டினவோ அவர்களிடம் சம்மதம் கேட்பது போலவாவது நடந்துகொள்ள வேண்டியிருந்தது. மற்றவர்களிடம் அதுகூட வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு வந்தது டப்ளின் போலீஸ், லண்டன் போலீஸ் அல்ல. 1843இல் சிந்து மாகாணத்தைப் பிடித்த நேப்பியர் ஐரிஷ் கான்ஸ்டபுலரியை மாதிரியாக வைத்து அங்கே போலீஸ் அமைத்தார். நம் மதராஸ் மாகாணத்தின் கதை இன்னும் கசப்பானது. வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே வருவாய் அதிகாரிகளின் கையில் இருந்தன. வரி கொடுக்க முடியாத குடியானவர்களைக் கிட்டி போட்டு நசுக்குவதும், அண்ணாந்தாள் போட்டுக் கட்டி வெயிலில் நிறுத்துவதும் வழக்கமாக இருந்தன. 1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்து, விசாரணை ஆணையம் அமைந்து, 1855இல் அறிக்கை வந்தது. சித்திரவதை உண்மை என்று ஆணையமே ஒப்புக்கொண்டது. விளைவாக வந்ததுதான் 1859ஆம் ஆண்டின் மதராஸ் போலீஸ் சட்டம். சித்திரவதையை ஒழிக்கப் புறப்பட்ட சீர்திருத்தம் அது. ஆனால் கீழே இருந்தவர் மேலே இருப்பவரைக் கேள்வி கேட்க எந்த வழியும் அதில் இல்லை. 1861இல் அதே தடத்தில் இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டம் வந்தது. 1859 சட்டம் பெயரில் 'தமிழ்நாடு' என்று திருத்தப்பட்டு நம் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. ஆகவே தங்கையே, இங்கே வந்தபிறகு அது கெட்டுப்போகவில்லை. இங்கே வருவதற்கென்று செய்த சரக்கு வேறு.

பாதை ஒருவழியும் அல்ல. வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் கீழ், அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அலுவலர்கள் கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கினார்கள். 1897இல் கல்கத்தாவிலும், 1901இல் லண்டனிலும் கைரேகைப் பிரிவு தொடங்கியது. அந்த முறைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'ஹென்றி முறை'. உழைத்தவர் பெயர் எங்கே போகும் என்று நமக்குத் தெரியாதா. ஹென்றி 1903இல் லண்டன் போலீஸ் கமிஷனரானார்.

பிரிட்டனுக்குள்ளேயும் சம்மதம் எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. 1839ஆம் ஆண்டின் லண்டன் போலீஸ் சட்டம் தெருவில் பட்டம் விடுவதை, பனியில் சறுக்கி விளையாடுவதை, கம்பளத்தை உதறுவதைக் குற்றமாக்கியது. தெருவே வீட்டு முற்றமாக இருந்தவர்கள் யார் என்று யோசித்தால் சட்டம் யாரைக் குறிவைத்தது என்பது விளங்கும். தள்ளுவண்டி வியாபாரிகளுக்குப் போலீஸ் மீதிருந்த வெறுப்பை ஹென்றி மேஹ்யூ பக்கம் பக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். அதே 1839 ஜூலையில், வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் பர்மிங்ஹாம் கூட்டத்தை அடித்துக் கலைக்க லண்டன் போலீஸ் ரயிலில் அனுப்பப்பட்டது. 1840இல் லங்காஷயரின் கோல்ன் என்ற சிற்றூரில் மக்கள் புதிய போலீசை ஊரைவிட்டே விரட்டினார்கள். 1856இல் எல்லா மாவட்டங்களும் போலீஸ் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டமானது. 1864இலிருந்து சில படைமுகாம் நகரங்களில் பெண்களைச் சந்தேகத்தின் பேரில் மட்டும் பிடித்துக் கட்டாய உடற்சோதனைக்கு அனுப்பும் அதிகாரமும் போலீசுக்குக் கிடைத்தது. ஜோசஃபின் பட்லரும் மற்றப் பெண்களும் நடத்திய நீண்ட போராட்டத்தால் 1886இல் அது போனது.

ஒருபக்கமாகச் சொல்லிவிட்டுப் போகவும் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணவன் அடித்தால், பக்கத்து வீட்டார் தாக்கினால், லண்டன் ஏழைப் பெண்கள் போலீஸ் கோர்ட்டுக்குத்தான் போனார்கள். நாமும் அதே ஸ்டேஷனுக்குத்தான் போகிறோம், வன்கொடுமைப் புகாரை அங்கேதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. போலீஸ் வேண்டாம் என்று சொல்லும் வசதி நமக்கு இல்லை. இந்த இரட்டை நிலையை மறைத்துவிட்டு எழுதும் தீவிரமான கட்டுரைகளில் எங்களுக்கு ஈடுபாடும் இல்லை.

1833 ஜூரியின் கதை 1971இல் வேறு முகங்களோடு திரும்பி வந்தது. லண்டனின் நாட்டிங் ஹில்லில் ஃபிராங்க் கிரிச்லோ என்ற டிரினிடாட்காரர் மாங்ரோவ் என்ற உணவகம் நடத்தினார். கரீபியனிலிருந்து குடியேறியவர்களின் கூடுமிடம் அது. 1969 ஜனவரி முதல் 1970 ஜூலை வரை போலீஸ் அதை 12 முறை சோதனையிட்டது. போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. 1970 ஆகஸ்ட் 9 அன்று கறுப்பின மக்கள் ஸ்டேஷனை நோக்கி ஊர்வலம் போனார்கள், மோதல் நடந்தது. 9 பேர் மீது கலவர வழக்கு. டார்கஸ் ஹோவும் அல்தியா ஜோன்சும் வக்கீல் வைக்காமல் தாங்களே வாதாடினார்கள். எங்களை விசாரிக்கும் ஜூரியில் எங்களவர் இருக்க வேண்டும் என்று மாக்னா கார்ட்டாவை எடுத்துக் காட்டினார்கள். நீதிபதி மறுத்தார். ஆனாலும் அவர்கள் வந்த ஜூரர்களை ஒவ்வொருவராக ஆட்சேபித்து விலக்கி, இரண்டு கறுப்பினத்தவரை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். 55 நாள் விசாரணைக்குப் பிறகு கலவரக் குற்றச்சாட்டிலிருந்து 9 பேரும் விடுதலை. போலீஸ் தரப்பிலும் இன வெறுப்பு இருந்ததற்குச் சான்று உண்டு என்று அந்த நீதிபதியே சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு பம்பாயில் தலித் பாந்தர்ஸ் பிறந்தது.

அதன் பிறகான கதை உங்களில் பலருக்குத் தெரியும். நெப்போலியன் போருக்குப் பின் வீடில்லாமல் அலைந்தவர்களைப் பிடிக்க 1824இல் போட்ட நாடோடிகள் சட்டத்தின் 'சந்தேக நபர்' பிரிவை வைத்து 1970களில் கறுப்பின இளைஞர்களைத் தெருவில் பிடித்தார்கள். 1981இல் பிரிக்ஸ்டன் எரிந்தபிறகுதான் அந்தப் பிரிவு போனது. 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் கொலை. 1999இல் வந்த மாக்ஃபர்சன் அறிக்கை, லண்டன் போலீசில் இருப்பது நிறுவனமயமான இனவெறி என்று எழுதியது. ஒரு சில கெட்ட அதிகாரிகள் என்ற சமாதானம் அதற்குமேல் எடுபடவில்லை. 2023இல் கேசி அறிக்கையும் அதையேதான் மறுபடி சொன்னது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நேரமாகிவிட்டது. கழுத்துப்பட்டை எண்தான் அவர்கள் மனதில் தங்கியிருந்தது. 2009இல் லண்டனில் ஜி20 மாநாட்டு எதிர்ப்பின்போது சில காவலர்கள் தோள் எண்ணை மறைத்துக்கொண்டு நின்றது பெரிய சர்ச்சையானது என்றோம். நம் ஊரிலும் கைது செய்யவரும் அதிகாரி பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது என்று எழுதிப் போட்டோம். பெயர், பதவி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளும் பயிற்சியைச் செய்து பார்த்தோம்.

"பேட்ஜ் இல்லாம, மஃப்டியில வந்தா என்ன எழுதறது?" என்று கேட்டார் அந்தப் பின்வரிசைத் தம்பி.

"வண்டி நம்பர எழுது" என்றார் தங்கை.